“நல்ல ஸ்கேன்” என்று கூப்பிட்டால்: மூத்தது பெண்ணாக இருக்கும் கர்ப்பிணிகளுக்கு என் அனுபவம்

மூத்தது பெண், அடுத்தது வயிற்றில் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்கிற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த மாதங்களில் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். ஸ்கேன் சென்டர் சுவரில் பலகை மாட்டியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது குற்றம் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்தச் சட்டம் கர்ப்பிணியை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறது, வீட்டார் வற்புறுத்தினால் அவள் யாரிடம் போகலாம் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. எனக்கு அது தெரிய வருவதற்குள் பணம், போன், நிம்மதி எல்லாம் போய்விட்டது.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். பெண் குழந்தையைப் பிறந்ததும் கொன்றுவிடாதீர்கள், வேண்டாம் என்றால் தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே சொல்ல வேண்டியிருந்த ஊர். அதெல்லாம் அந்தக் காலம் என்று இங்கே பேசிக்கொள்வார்கள். அந்தக் காலம் போய்விடவில்லை. பிறந்த பிறகு நடந்தது, பிறப்பதற்கு முன்னால் நகர்ந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். அந்த எண்ணுக்குள் எத்தனை வீட்டுச் சண்டை இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில் இருப்பார். வீட்டில் அத்தை, நான், என் மகள். நாத்தனாரைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், வாரத்துக்கு இரண்டு தடவை வந்துவிடுவாள். மூத்தவள் பிறந்தபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தூக்கினார், குளிப்பாட்டினார், எல்லாம் செய்தார். அதனால் இரண்டாவது தரித்தபோது எனக்கு எந்தப் பயமும் இல்லை. மூன்றாவது மாதத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது. வயிறு உருண்டையா இருக்கா, கூரா இருக்கா என்று பார்ப்பது. புளிப்பு கேட்கிறாளா இனிப்பு கேட்கிறாளா என்று கவனிப்பது. “மொதப் புள்ளைக்கு இருந்த மாதிரியே மூஞ்சி மினுக்குது, இதுவும் அதேதான்” என்று நாத்தனார் ஒருநாள் சொன்னாள். எல்லோரும் விளையாட்டுக்குச் சொல்வதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் அத்தையின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். கேட்டுக் கேட்டே அவருக்கு வயிற்றில் இருப்பது பெண் என்று முடிவாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வயிற்றின் வடிவம் நம் வயிற்றுத் தசையையும் குழந்தை படுத்திருக்கும் விதத்தையும் பொறுத்தது. குழந்தையின் இதயத் துடிப்பு வேகமாக இருந்தால் பெண் என்பதும் உண்மை இல்லை. மசக்கை, முகப் பொலிவு, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறோம் என்பது எதிலும் ஒன்றும் இல்லை. இருப்பது இரண்டே வாய்ப்பு என்பதால் யார் என்ன சொன்னாலும் பாதிக்குப் பாதி பலித்துவிடும், பலித்ததை மட்டும் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இதை முதல் நாளே வீட்டில் சிரிக்காமல் சொல்லுங்கள். “அப்படியெல்லாம் பேசாதீங்க அத்தை, எனக்குப் பிடிக்கல” என்று ஆரம்பத்திலேயே சொன்னால், பேச்சு அடுத்த படிக்குப் போக யோசிக்கும்.

அடுத்த படி, அந்த அக்கா. பெயர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர் இல்லை. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஆள் தெரியும் என்று பேசுவார். நாத்தனார் மூலமாக வந்தார். என் எதிரில் வயிறு, ஆண், பெண் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. காபி குடித்தார், என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார், “எத்தனாவது வாரம் கண்ணு?” என்று மட்டும் கேட்டார். அவர் போன பிறகு அத்தையும் நாத்தனாரும் உள்ளே போய்ப் பேசினார்கள். 25,000 ரூபாய் பேசி, 12,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த 12,000 என் வீட்டுக்காரர் லாரி டயருக்காக ஃபைனான்ஸில் வாங்கி வைத்திருந்த பணம். “அவளுக்கு ரத்தம் கம்மியாம், பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்” என்று அவரிடம் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். அவர் எந்த அளவுக்கு அதை நம்பினார் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. பிறகு சொல்கிறேன்.

என்னிடம் சொன்னது “நல்ல ஸ்கேன்”. இந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெண்களைக் கூட்டிப்போகும்போது யாரும் ஆணா பெண்ணா பார்க்கப் போகிறோம் என்று சொல்வதில்லை. நல்ல ஸ்கேன், பெரிய டாக்டர், குழந்தைக்கு வளர்ச்சி பார்க்கணும், இப்படித்தான் வரும். விடியற்காலையில் கிளம்பணும் என்றார்கள். நான் என் ஃபைலையும் தாய் சேய் அட்டையையும் எடுத்துப் பையில் வைத்தேன். “அதெல்லாம் எதுக்கு, அங்க வேண்டாம்” என்று அத்தை திருப்பி பீரோவில் வைத்துவிட்டார். எனக்கு நெருடியது அங்கேதான். ரத்தம் கம்மி என்று டாக்டரைப் பார்க்கப் போகிறோம், முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் வேண்டாமா?

பதிவு பெற்ற எந்த ஸ்கேன் சென்டரிலும் ஃபைல் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கேட்பார்கள். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘எஃப் படிவம்’ என்று ஒன்று நிரப்ப வேண்டும். அதில் உங்கள் பெயர், முகவரி, ஏற்கெனவே எத்தனை ஆண் பிள்ளை, எத்தனை பெண் பிள்ளை, எதற்காக இந்த ஸ்கேன் என்பதெல்லாம் இருக்கும். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நாம் கையெழுத்துப் போடுவோம். பார்த்துச் சொல்லவில்லை என்று டாக்டரும் கையெழுத்துப் போடுவார். சென்டரின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். பலரும் என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். நின்று வாசியுங்கள். ஃபைல் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ரசீது இல்லை, வீட்டிலேயே மிஷின் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது உங்கள் உடம்பைப் பார்ப்பதற்கான ஸ்கேன் இல்லை. அங்கே ஸ்கேன் பார்க்கிறவர் டாக்டர்தானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

ஒரு ஆம்னி வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே இரண்டு கர்ப்பிணிகள், அவர்களோடு வந்தவர்கள். என்னோடு நாத்தனார் வந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் முன்சீட்டில் இருந்த அந்த அக்கா ஒரு மஞ்சப்பையை நீட்டி எல்லோருடைய போனையும் அதில் போடச் சொன்னார். “டவர் இருந்தா மிஷின் சரியா காட்டாது” என்றார். எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு “பக்கந்தான்” என்ற பதில்தான் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தக்காளி சாதம் வைத்திருந்தாள். சாப்பிடவில்லை, மூடியைத் திறப்பதும் அழுத்தி மூடுவதுமாகவே வந்தாள். ரொம்ப நேரம் கழித்து என் காதருகே வந்து, “அக்கா, உங்களுக்கு எத்தனாவது? எனக்கு மூணாவது. இதுவும் பொண்ணுன்னா அங்கயே முடிச்சுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வந்துருவாங்களாம்” என்றாள்.

என் கை காலெல்லாம் சில்லிட்டுப்போனது. எனக்கு அப்போது பதினைந்து வாரம் முடிந்திருந்தது. அசைவு மாதிரி ஒன்றை முந்தின நாள்தான் உணர்ந்திருந்தேன், அது அசைவுதானா என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. கத்த வேண்டும் என்று தோன்றியது, கத்தவில்லை. ஓடுகிற வண்டியில், விடியாத நேரத்தில், போன் கையில் இல்லாமல் கத்தி என்ன ஆகும்? வாந்தி வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். விடாமல் சொன்னேன். கர்ப்பிணி வாந்தி என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு பேக்கரியில் நிறுத்தினார்கள். நாத்தனார் டீ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் பாத்ரூமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்படியே பக்கவாட்டில் இறங்கி ரோட்டுக்கு வந்தேன். ஒரு டவுன் பஸ் வந்தது, கையைக் காட்டி ஏறிவிட்டேன். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கையில் பணம் இல்லாமல் தைரியமாக ஏறினேன் என்றால் அதனால்தான். உட்கார்ந்த பிறகுதான் போன் அந்த மஞ்சப்பையிலேயே போய்விட்டது என்பது உறைத்தது. மாறி மாறி அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியிருக்க முடியுமா என்று இன்னமும் ராத்திரியில் யோசிக்கிறேன். அவள் சொன்ன “அங்கயே முடிச்சுட்டு” என்பதைப் பற்றி எல்லோருக்கும் தெரிய வேண்டும். கருக்கலைப்பு மாத்திரை இந்தியாவில் ஒன்பது வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பத்துக்கு, டாக்டர் பார்த்துக் கொடுப்பதற்குத்தான் அனுமதி பெற்றது. நான்கு மாதம், ஐந்து மாதத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலில் வைத்துச் செய்தால் ரத்தப்போக்கு நிற்காமல் உயிரே போகலாம். மிச்சம் உள்ளே தங்கிக் கிருமி பரவலாம், கர்ப்பப்பை கிழியலாம். இப்படிச் செத்துப்போன பெண்களைப் பற்றிப் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டப்படியான கருக்கலைப்புக்கு 1971-இல் வந்த சட்டமும் 2021-இல் வந்த திருத்தமும் பல காரணங்களை ஏற்றுக்கொள்கின்றன. குழந்தை பெண் என்பது அவற்றில் ஒரு காரணமே இல்லை.

பணத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் சண்டை பெரும்பாலும் அதைப் பற்றித்தான் நடந்தது. 12,000 ரூபாய் திரும்பி வரவில்லை. “பாதியில ஓடிப்போனா நான் என்ன பண்றது, வண்டி வாடகை, மிஷின்காரர் எல்லாத்துக்கும் கொடுத்தாச்சு” என்றாராம் அந்த அக்கா. என் போன் எங்கே என்று கேட்டதற்கு, யாரும் போன் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத போன், 9,000 ரூபாய். அதில் இருந்த என் மகளின் படங்கள் எல்லாம் போயின. டயருக்கு வேறு கடன் வாங்க என் தோடு அடகுக்குப் போனது, வட்டி கட்டி மீட்க அடுத்த வருடம் ஆனது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தப்பாகச் சொன்னாலும், ஏமாற்றினாலும், பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கொடுத்தவர் போய்ப் புகார் சொல்ல முடியாது. புகார் சொன்னால் கொடுத்தவரும் குற்றவாளி. மிஷினே போடாமல், ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பினாலும் பாதிப்பேருக்குச் சரியாக இருந்துவிடும். சிலர் நேரடியாகச் சொல்லாமல் ஸ்வீட் பெயரைச் சொல்வார்கள், சைகை காட்டுவார்கள், அப்படிச் சொன்னால் சட்டம் ஒன்றும் செய்யாது என்பார்கள். அதுவும் பொய். வார்த்தையாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்றுதான் சட்டத்திலேயே இருக்கிறது.

அம்மா வீட்டில் இருந்த வாரங்கள்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தன. வேனில் இருந்த பயம்கூட அவ்வளவு இல்லை. அம்மாவிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர், தூங்க மாட்டார். வீட்டுக்காரர் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு, “சொல்லாம கொள்ளாம எதுக்குப் போன, அம்மா அழுவுது” என்றார். ஊரில் நான் கோபித்துக்கொண்டு போனதாகப் பேச்சு. என் மகள் அங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளை நினைத்து நினைத்து அழுதேன். நான் ஓடிவந்தது தப்போ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது என்றால் என் மனசு எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் நர்ஸம்மாவும்தான். வழக்கமான செக்கப்புக்குப் போனேன். பிரஷர் பார்க்கும்போதே கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா என் அம்மாவை மாத்திரை வாங்க வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, “இப்ப சொல்லுங்க” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் ஏதாவது சொல்ல இருந்தால், கூட வந்தவர்கள் எதிரில் சொல்ல வேண்டாம். டாக்டரிடமோ நர்ஸிடமோ “உங்ககிட்ட தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்” என்றால் போதும். பரிசோதனைக்கு என்று சொல்லி அவர்களே மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சட்டத்தை எனக்குப் புரியும்படி சொன்னவர் அவர்தான். 1994-இல் இயற்றி, 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, 2003-இல் இன்னும் இறுக்கமாகத் திருத்திய சட்டம் அது. பார்த்துச் சொல்லும் டாக்டருக்கு முதல் தடவை மூன்று வருடம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐந்து வருடம், 50,000 ரூபாய் வரை. பார்க்கச் சொல்லிக் கேட்டுப் போகும் கணவர், மாமியார், உறவினர் யாராக இருந்தாலும் முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீன் கிடைப்பதும் சுலபமில்லை, சமாதானம் பேசி முடித்துக்கொள்ளவும் முடியாது. நான் அப்படியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அடுத்த விஷயத்துக்குத்தான். வற்புறுத்தப்பட்டுப் போன கர்ப்பிணிக்கு அந்தத் தண்டனை கிடையாது. அது மட்டுமில்லை, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் வந்திருப்பாள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதாவது, நம் பேச்சை நம்பத் தயாராக ஒரு சட்டம் இருக்கிறது. “நீயும்தான் மாட்டுவ” என்று யாராவது பயமுறுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

நர்ஸம்மா செய்த உதவி வேறு மாதிரி. எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். அவர் ஒருநாள் வழக்கமான விசாரிப்பு மாதிரி எங்கள் வீட்டுக்குப் போய், அத்தையிடம் என் பெயர் ஆன்லைனில் ஏறியிருப்பதையும், ஒவ்வொரு மாதமும் கர்ப்பம் எப்படி இருக்கிறது என்று பதிய வேண்டியிருப்பதையும், நடுவில் கர்ப்பம் இல்லை என்றால் எப்படி, எங்கே, யார் செய்தது என்று கேள்வி வரும் என்பதையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கர்ப்பம் உறுதியானதும் முதல் வேலையாக நர்ஸம்மாவிடம் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் கொடுக்கும் அந்த 12 இலக்கப் பதிவு எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு உதவித்தொகைக்கும் என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். எனக்கு அது காவல் மாதிரி இருந்தது. நான்காம் மாதம் வரை வெளியே சொல்ல வேண்டாம், பதிய வேண்டாம் என்று வீட்டில் யாராவது தள்ளிப்போட்டால், ஏன் என்று கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசினது போனில் இல்லை. அவர் லோடு இறக்கிவிட்டு நேராக அம்மா வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தோம். நான் சண்டை போடவில்லை. வேனில் நடந்ததை, அந்தப் பெண் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன். “ரத்தம் கம்மின்னுதான் அம்மா சொல்லுச்சு” என்றார். “25,000 ரூபாய்க்கு எந்த ஊர்லங்க ரத்தம் பார்க்கறாங்க?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவுக்கு என்ன அர்த்தம் என்று நான் இதுவரை கேட்கவில்லை. அப்புறம் டாக்டரம்மா எனக்குப் படம் போட்டுக் காட்டியதை அவருக்குச் சொன்னேன். என்னிடமிருந்து போவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். ஆணா பெண்ணா என்பது அவரிடமிருந்து வருவது எக்ஸா ஒய்யா என்பதைப் பொறுத்தது, அதுவும் கரு உருவாகும் அந்தக் கணத்திலேயே முடிந்துபோன விஷயம். இது யார் மேலும் பழி போடுவதற்காகச் சொன்னது இல்லை. மூன்றாவது மாதத்திலிருந்து என் வயிற்றைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்த வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் கழித்து “போலீஸ்ல சொல்லப் போறியா?” என்று கேட்டார். “இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்தா சொல்லுவேன்” என்றேன். நிஜமாகவே சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில் ஒரு முக்கியமான ஸ்கேன் தள்ளிப்போய்விடப் பார்த்தது. பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம், கை கால், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாம் பார்க்கிறார்கள். “எதுவும் சொல்லாத ஸ்கேனுக்கு எதுக்குக் காசு” என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். எனக்கோ ஸ்கேன் என்ற வார்த்தையைக் கேட்டாலே உடம்பு நடுங்கியது. ஜெல் தடவிய கை வயிற்றில் படுவதை நினைத்தாலே அந்த வேன் ஞாபகம். டாக்டரம்மாதான் விடவில்லை. அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார், அம்மாவோடு போனேன். இந்த முறை எஃப் படிவத்தை வரி வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். டாக்டர், “ஹார்ட்ல நாலு அறையும் நல்லா இருக்கும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் நடந்திருப்பேன். நல்ல ஸ்கேன் என்பது அதுதான். தயவுசெய்து பயத்தினாலோ வீட்டுச் சண்டையினாலோ இந்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். பரம்பரையாகப் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும் சில நோய்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதற்கான பரிசோதனையைச் சட்டமே அனுமதிக்கிறது. அதை முறையாக டாக்டரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் இல்லை.

ஏழாம் மாதம் வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை முதலில் பேசவில்லை. மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவருக்கு மூன்று பெண்ணுக்கு அப்புறம் நான்காவதாகத்தான் என் வீட்டுக்காரர் பிறந்தாராம். அந்த மூன்று பிரசவத்திலும் அவர் என்னென்ன பேச்சு வாங்கினார் என்று பிற்பாடு ஒருநாள் கொஞ்சம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவர் மேல் இருந்த கோபம் முழுதும் போகவில்லை, ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆணா பெண்ணா என்று இங்கே எழுத மாட்டேன். ஆண் என்றால் “அப்பாடா, தப்பிச்சா” என்பார்கள், பெண் என்றால் “பாவம்” என்பார்கள். இரண்டையும் என் குழந்தையைப் பற்றி யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

இப்போது அந்த நிலையில் இருக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். உங்கள் ஃபைலையும் அடையாள அட்டையையும் உங்கள் கைப்பையில் வையுங்கள், பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நம்பி வைக்காதீர்கள். இரண்டு மூன்று நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். போன் கையைவிட்டுப் போனால் யாருக்கும் அம்மா நம்பர்கூட ஞாபகம் வராது. எங்கே போனாலும் போனைக் கொடுக்காதீர்கள், கேட்டால் அங்கேயே இறங்கிவிடுங்கள். சேலையிலோ சுருக்குப் பையிலோ கொஞ்சம் பணம் எப்போதும் இருக்கட்டும். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள். 104-இல் மருத்துவ சந்தேகம் எதுவானாலும் கேட்கலாம். புகார் கொடுக்க வேண்டும் என்றால் மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ எழுதிக் கொடுக்கலாம். வண்டி நம்பர், இடம், நாள், யார் கூப்பிட்டார்கள் என்பதை அன்றைக்கே எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த வேனின் நம்பரைப் பார்த்து வைக்காதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் கர்ப்பிணி இல்லை, உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்றால், அவளிடம் போய் “உங்க வீட்டுல அப்படியாமே” என்று கேட்காதீர்கள், அவள் மறுத்துவிடுவாள். செக்கப்புக்கு நான் துணைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் போனில் அவள் அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். ஊர் நர்ஸம்மாவிடம் அவள் பெயரைச் சொல்லி, ஒருமுறை வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். விடியற்காலையில் ஸ்கேனுக்குப் போகிறாள் என்று காதில் விழுந்தால், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று அவள் மாமியார் எதிரிலேயே சத்தமாகக் கேளுங்கள்.